பீஸ் எடுக்காத டொக்டர்

"மைக்கைத் தாங்கோ, ஃபாதர்."

கேட்டேவிட்டேன். எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அம்மா காலைப் பூசையிலிருந்தே என் காதைத் தின்றுகொண்டிருந்தார். "மாலை போடுவினம், வாங்கு. சால்வை போர்ப்பினம், வாங்கு. சிரி. கும்பிடு. பேசாமல் கதிரையில இரு. மைக்கைக் கேட்டியோ, பிறகு றோஸ்மேரியின்ர மகள் எண்டு வெளியில சொல்லாதை."

அம்மாவின் பயத்துக்கு வரலாறு உண்டு. நான் மருத்துவ பீடத்துக்குத் தெரிவானபோதும் இதே பங்கு மண்டபத்தில், இதே மேடையில் ஒரு கௌரவிப்பு வைத்தார்கள். அப்போது தெரியாத்தனமாக மைக்கை என் கையில் தந்துவிட்டார்கள். "எங்கட பள்ளிக்கூடத்தில ரெண்டு வருசமா ரசாயனத்துக்கு வாத்தியார் இல்லை. நான் பாஸ் பண்ணினதுக்குப் பள்ளிக்கூடம் பொறுப்பில்லை" என்றேன். முன்வரிசையில் கை தட்டத் தொடங்கிய அதிபர், பாதியில் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் எங்கள் அப்பாவிடம் மீன் வாங்குவதில்லை.

எங்கள் பங்குக் குருவான ஃபாதர் யூட் நான் கேட்டது காதில் விழாததுபோல மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார்.

"கடைசியில நன்றியுரை எண்டு ஒண்டு கிடக்குத்தானே, பிள்ளை. அப்ப தாறன்."

"நன்றி சொல்லக் கேக்கேல்ல, ஃபாதர். பனர்ல பிழை கிடக்கு."

அவர் திடுக்கிட்டுத் திரும்பி மேடைக்குப் பின்னால் தொங்கிய பனரைப் பார்த்தார். "எழுத்துப் பிழையோ?"

"எழுத்தில இல்லை. பிள்ளையில."

பனரில் நான் கூரை உயரத்துக்கு நின்றேன். வெள்ளைக் கோட்டு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கையில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தையை நான் வாழ்நாளில் கண்டதில்லை. நீலக் கண், பொன்னிற மயிர். பனர் அடித்த கடைக்காரர் இணையத்திலிருந்து இறக்கி என் கையில் ஒட்டியிருந்தார். கீழே, 'எம்மண்ணின் முதல் மகப்பேற்று நிபுணர் டொக்டர் இ. நிதர்சனா' என்று கிடந்தது. மண்டபத்துக்குள் வந்த கிழவிகள் பனரையும் என் வயிற்றையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நான் மகப்பேற்று நிபுணர் இல்லை. ஆகப் போவதும் இல்லை. நான் எழுதிப் பாஸ் பண்ணியது சத்திரசிகிச்சைக்கான மேற்படிப்புப் பரீட்சை. பிள்ளைப்பேற்றுக்கு வேறு பரீட்சை. மறுநாள் திங்கட்கிழமை காலை கொழும்பில் போய் நின்று, சத்திரசிகிச்சையில் எந்தப் பிரிவு என்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், பிறகு மாற்ற ஏலாது. அந்தச் சொல்லை நான் எப்போதோ முடிவு பண்ணிவிட்டேன். என் பயணப் பை அன்று பகலே மண்டப வாசலில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் வந்து இருந்துகொண்டது. பின்னேரக் கொழும்பு பஸ் மண்டபத்தைத் தாண்டித்தான் போகும்.

ஆனால் ஃபாதரிடம் வேறு திட்டம் இருந்தது. கூட்டத்தின் முடிவில் நான் மாதா சுரூபத்தின் முன்னால் நின்று, 'படித்து முடித்துவிட்டு இந்த ஊருக்கே திரும்பி வந்து பிள்ளைப்பேறு பார்ப்பேன்' என்று சபையறிய வாக்குக் கொடுக்க வேண்டும். மெழுகுதிரிகூட வாங்கி வைத்திருந்தார்கள். கடலை நம்பிப் பிழைக்கிற ஊரில் மாதாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மாறினால் அடுத்த புயல் முழுக்க நம்முடைய கணக்கில்தான் விழும்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் அம்மாதான் காரணம். ரிசல்ட்ஸ் வந்த அன்று நான் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னேன்: "அம்மா, நான் மண்டை ஒப்பரேசனுக்குப் படிக்கப் போறன்." மறுமுனையில் கருவாடு புரட்டுகிற சத்தம் நின்றது. "அந்தச் சொல்லை வெளியில சொல்லாதை" என்றார்.

எங்கள் வீட்டில் 'மண்டை' தடைசெய்யப்பட்ட சொல். காரணம் என் அண்ணன் றொமேஸ். கடைசிச் சண்டையில், அவனுக்குப் பதினைந்து வயதில், ஒரு செல் துண்டு காதுக்குப் பின்னால் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு வலிப்பு வந்தது. குளிசை போட்டு, இப்போது வலிப்பு வந்தே வருசக் கணக்காகிறது. ஆனாலும் அம்மா அவனைக் கடலுக்கு விடவில்லை. வலிப்பு என்று ஊரில் சொன்னால் பெண் கிடைக்காது என்பதற்காக அம்மா ஒரு காரணம் கண்டுபிடித்தார்: "அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுதில்லை. சத்தி எடுக்கிறான்."

சொந்தப் படகு வைத்த சம்மாட்டிமாரும் மீனவரும் நிறைந்த ஊரில், இன்னாசித்தம்பியின் மகன் கடலில் வாந்தி எடுக்கிறான்! "வலிப்பெண்டே சொல்லியிருக்கலாமம்மா, மரியாதையாவது மிஞ்சியிருக்கும்" என்பான் றொமேஸ். அவன் ஒலிபெருக்கிச் சாமான்கள் வாங்கி, 'றொமேஸ் சவுண்ட்ஸ்' என்று பெயர் வைத்து, கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் பாட்டுப் போட்டுப் பிழைக்கிறான். அன்றைக்கும் மேடையோரம் மிக்ஸருக்குப் பின்னால் அவன்தான் இருந்தான்.

என் படிப்பைப் பற்றி ஃபாதர் கேட்டபோது அம்மா பொய் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் தேவைப்படாத அளவுக்கு ஒரு உண்மையைச் சொன்னார்: "தலை எடுக்கிற டொக்டராம், ஃபாதர்." பிரசவ அறை வாசலில் காத்து நிற்கிற சனம் முதலில் கேட்பதே 'தலை வந்திட்டுதோ' என்றுதான். ஃபாதர் அப்படியே நம்பினார். அவர் சுவிஸில் இருக்கிற செல்வராசா மாமாவுக்குச் சொன்னார். செல்வராசா மாமா காசு அனுப்பினார். மண்டபத்துக்குப் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் தாய் சேய் நிலையம் ஒன்று எழும்பிவிட்டது. நான் வீட்டுக்கு வந்து பார்த்தபோது தளபாடம் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உண்மையைச் சொல்லுங்கோம்மா" என்றேன்.

"மாதாவுக்கு நேர்ந்திட்டன். நீ டொக்டரானால் ஊருக்கே குடுக்கிறன் எண்டு."

"மெழுகுதிரியை நேருங்கோ. என்னை ஏன் நேருறியள்?"

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏனடி மண்டை?"

இதையே கொழும்பில் படித்த ஆட்கள் இங்கிலீசில் கேட்டார்கள். கண் எடும், தோல் எடும், வடிவான வேலை, பிள்ளை குட்டியைப் பார்க்கலாம் என்றார்கள். அவர்களைவிட அம்மா மேல். அவர் கருவாட்டுக் கையோடு நேரே கேட்டார்.

செல்வராசா மாமா பேச எழுந்தார். அவர் தொண்ணூறுகளிலேயே சுவிஸுக்குப் போனவர். நல்ல மனுசன். ஒவ்வொரு வசனத்துக்கும் முடிவில் அந்த ஊர்க்காரரைப்போல 'யா யா' போடுவார்.

"எங்கட தாய்மார் பிள்ளைப்பேறுக்கு ரவுணுக்கு அலைஞ்ச காலம் முடிஞ்சுது, யா யா. நிதர்சனா சனி ஞாயிறில வந்து எல்லாரையும் பாப்பா. இன்னொண்டு சொல்லுறன், கேளுங்கோ. எங்கட டொக்டர் உங்கள் ஒருத்தரிட்டயும் பீஸ் எடுக்க மாட்டா! யா யா!"

கை தட்டலுக்காக நிறுத்தினார். ஒருவரும் தட்டவில்லை. மண்டபம் முழுக்க ஒரு முணுமுணுப்பு, வலைக்குள் மீன் துள்ளுவதுபோல எழும்பியது.

பின்வரிசையில் சூசைப்பிள்ளைப் பெரியப்பா எழுந்தார். ஊரில் மூத்த சம்மாட்டி. "ஏன் எடுக்க மாட்டா?"

"அது அவவின்ர பெரிய மனசு, அண்ணை."

"பெரிய மனசெண்டால் எடுக்கவெல்லோ வேணும்!"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் செல் வெடித்து உடம்புக்குள் போன இரும்புத் துண்டுக்குப் பெயர் பீஸ். டொக்டருக்குக் கொடுக்கிற காசுக்கும் பெயர் பீஸ்தான். இங்கிலீஸ்காரன் இரண்டு சொல்லாக வைத்திருந்ததை நாங்கள் ஒன்றாக்கிவிட்டோம். காசுப் பீஸ் எங்களிடம் குறைவு. மற்றப் பீஸ் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கிறது. செல்வராசா மாமா போன காலத்துத் தமிழில் செல் இருந்தது, பீஸ் இருக்கவில்லை.

"சின்னப் பீஸ்கூட எடுக்க மாட்டா அண்ணை, பயப்பிடாதேங்கோ" என்றார் மாமா.

"சின்னதை விடும். பெரிசு?"

"பெரிய பீஸ் எங்கட சனத்திட்ட எடுக்கிறது பாவமெல்லோ. அதெல்லாம் வெள்ளைக்காரரிட்ட எடுக்கலாம்."

"வெள்ளைக்காரனிட்ட எங்க கிடக்கு? அடிச்சது எங்களுக்கு!"

மாமா குழம்பிவிட்டார். "ஆர் அடிச்சது? ஆரோ உங்களிட்டப் பீஸ் எண்டு சொல்லி அடிச்சுப் போட்டாங்களோ?"

"என்ன காணும் விசர்க்கதை கதைக்கிறீர்! பதினாறு வருசமா நான் தொடையில வைச்சுக்கொண்டு திரியிறன்!"

"தொடையிலயோ? அண்ணை, பாங்கில போடலாமே."

றொமேஸ் மிக்ஸருக்குக் கீழே குனிந்துவிட்டான். அவன் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

"ஃபாதர், மைக்கைத் தாங்கோ, நான் விளங்கப்படுத்துறன்" என்றேன்.

"நீ இரு பிள்ளை, குழப்பாதை" என்றார் ஃபாதர். அதற்குமேல் குழம்ப அங்கே ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

சூசைப்பிள்ளைப் பெரியப்பா கதிரைகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஏறினார். ஏறிய வேகத்தில், மாதா சுரூபத்துக்கு முன்னாலேயே சாரத்தைத் தொடைவரை தூக்கிவிட்டார். "இந்தா, தடவிப் பார். உருளுது. எடுக்க மாட்டாவாம்!" அவருக்குப் பின்னால் இராசமலர் அக்கா ஏறினார். அவர் விழாவுக்கு வரும்போதே பழைய எக்ஸ்ரே படத்தைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டுதான் வந்திருந்தார். "என்ர இடுப்பில மூண்டு தங்கச்சி. மாரி தொடங்கினால் குத்துது." அதற்குப் பின்னால் ஒருவர் முதுகைக் காட்டச் சேட்டைக் கழற்றினார். அரை நிமிடத்தில் கௌரவிப்பு மேடை வெளிநோயாளர் பிரிவாகிவிட்டது. சால்வை போர்த்த வந்த மாதர் சங்கத் தலைவி சால்வையோடு வரிசையில் நின்றார். அவருக்கு முழங்கையில்; முறை வந்ததும் சால்வையை என் தோளில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது. மாலையும் கழுத்துமாக ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தேன். பெரியப்பாவின் தொடையில் புளியங்கொட்டை அளவில் ஒன்று உண்மையாகவே உருண்டது.

"நோகுதோ?"

"நோகேல்ல."

"சீழ் பிடிச்சதோ, காய்ச்சல் வந்ததோ?"

"ஒண்டுமில்லை."

"அப்ப எடுக்கத் தேவையில்லை. இருக்கட்டும்."

பெரியப்பா சாரத்தை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். இராசமலர் அக்காவின் எக்ஸ்ரேயை மண்டப லைற்றில் பிடித்துப் பார்த்தேன். "அக்கா, இதைத் தேடி வெட்டினால் இதைவிடக் கூட நோகும். குத்து கூடினால் கிளினிக்கில காட்டுங்கோ. இப்ப இருக்கட்டும். ஆனால் ஒண்டு, எல்லாரும் கேளுங்கோ! ஆராவது உங்களை எம்.ஆர்.ஐ. எண்டு ஒரு மெசினுக்க விடப் பாத்தால், முதல் பீஸ் இருக்கெண்டு சொல்லிப் போடுங்கோ. அது பெரிய காந்தம். உள்ள கிடக்கிற இரும்பை இழுத்துப் போடும்."

"இருக்கட்டும், இருக்கட்டும்! எல்லாத்துக்கும் இருக்கட்டுமாம்!" பெரியப்பா சபையைப் பார்த்துக் கையை விரித்தார். "இருக்கட்டும் எண்டு சொல்லவோ இவளை இவ்வளவு காலம் படிப்பிச்சது? அதை நானே சொல்லுவன்!"

சபை சிரித்தது. செல்வராசா மாமாவுக்கு அப்போதுதான் ஃபாதர் காதுக்குள் விசயத்தை விளங்கப்படுத்தினார். மாமாவின் முகம் மாறியது. அவர் வரிசையில் நின்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யா யா சொல்லவில்லை.

"சரி" என்று பெரியப்பா விடாமல் கேட்டார், "தொடைக்க எண்டால் இருக்கட்டும். மண்டைக்க இருந்தால் என்ன செய்வாய்?"

முன்வரிசையில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தார். மைக்கைக் கேட்பேனே தவிர, அண்ணனின் தலையை நான் மேடையில் போட மாட்டேன்.

அப்போது மண்டபத்தின் நான்கு மூலைகளிலுமிருந்து றொமேஸின் குரல் வந்தது. மிக்ஸரோடு ஒரு வயர் மைக் எப்போதும் அவனிடம் இருக்கும்.

"ஹலோ. செக், செக். எனக்கு மண்டைக்க கிடக்கு பெரியப்பா. இடதுகாதுக்குப் பின்னால."

"றொமேஸ்!" என்றார் அம்மா.

"எனக்கு வலிப்பு இருந்தது. இப்ப இல்லை. குளிசை போடுறன். கடலில நான் ஒருநாளும் சத்தி எடுக்கேல்ல. அது அம்மா சொன்ன கதை. நன்றி. அடுத்த நிகழ்ச்சிக்குப் போகலாம்."

சூசைப்பிள்ளைப் பெரியப்பா மேடையிலிருந்து மிக்ஸர்வரை நடந்து போனார். றொமேஸின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, காதுக்குப் பின்னால் தழும்பைப் பார்த்தார்.

"அட கடவுளே! பீஸ்தானோ?" என்றார். "உதை முந்தியே சொல்லித் துலைக்கிறதுக்கு என்ன? எங்கட ஊர்ப் பெடியன் கடலில சத்தி எடுக்கிறான் எண்டு நான் பக்கத்து ஊர்க்காரரின்ர முகத்தில முழிக்கேலாமல் திரிஞ்சனான்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பீஸ் எல்லோருக்கும் இருந்தது. அம்மா பதினாறு வருசமாக மறைத்தது அந்த ஊரில் யாருமே குற்றமாக எடுக்காத ஒன்றை. ஒத்துக்கொள்ள முடியாமல் இருந்தது சத்திதான்.

சிரிப்பு அடங்கியதும் ஃபாதருக்கு ஏதோ வெளித்துவிட்டது. என்னையும் றொமேஸையும் மாறிமாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"தலை எடுக்கிற டொக்டர் எண்டது... இந்தத் தலையையோ, பிள்ளை? அண்ணனுக்காகத்தான் படிக்கப் போறியோ?"

"ஐயோ!" என்றார் இராசமலர் அக்கா, எக்ஸ்ரேயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. மாதர் சங்கத்தில் இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். செல்வராசா மாமா எழுந்து நின்றார். "பிழையில்லை! யா யா! ரோஸ் பெயின்றை மாத்துவம். தாய் சேயை மூளை நிலையமாக்குவம். றொமேஸின்ர பீஸை இஞ்சையே வைச்சு எடுப்பம், நான் மெசின் வாங்கித் தாறன்!" இப்போது கை தட்டல் விழுந்தது. நான் அரைமணி நேரத்துக்கு முன் கெஞ்சியும் கிடைக்காத மைக்கை ஃபாதர் தானாகவே என் கையில் திணித்தார்.

"இந்தா. இப்ப கதை பிள்ளை. அண்ணனைப் பற்றிக் கதை. பிறகு வாக்குத்தத்தம்."

நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தங்களுக்குத் தெரியும் என்று நினைத்த பிறகுதான் அவர்கள் மைக்கைத் தந்தார்கள். அதில்தான் எனக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டு வந்தது.

"இல்லை" என்றேன்.

றொமேஸ் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

"அண்ணனின்ர பீஸை நான் எடுக்க மாட்டன். ஒருத்தரும் எடுக்கக் கூடாது. அது போன வழியால திரும்பி எடுக்கப் போனால் அவன்ர பேச்சுப் போகும், கை போகும். அதை அவனுக்கு எப்பவோ சொல்லிப் போட்டினம். அவன் அதோட கிழவனாகி, பல்லு விழுந்து, எங்களைத் திட்டித் திட்டித்தான் சாவான். அதனால அவனுக்காக நான் போகேல்ல."

"ஆமென்" என்றான் றொமேஸ் ஸ்பீக்கரில்.

"அப்ப ஊருக்காக" என்றார் ஃபாதர், நம்பிக்கையோடு.

"ஊருக்காகவும் இல்லை ஃபாதர். ஒரு சைக்கிளுக்காக."

சபையில் எல்லோரும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார்கள்.

"நான் பயிற்சி டொக்டரா நிக்கேக்க மல்லாவிப் பக்கத்தால ஒருத்தரைக் கொண்டு வந்தவை. மாமரத்தால விழுந்தவர். விழுந்ததை வீட்டில எல்லாரும் மறந்திட்டினம். கொஞ்சம் கொஞ்சமாக் கதையை விட்டு, சாப்பாட்டை விட்டு, சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திட்டார். விசர் எண்டு கையில நூல் கட்டிக் கொண்டு வந்தினம். அவருக்கு விசரில்லை. விழுந்த நேரம் ஒரு நரம்பு விட்டு, மண்டைக்கும் மூளைக்கும் நடுவில இரத்தம் ஊறி நிண்டு அமத்தினது. பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு, ஓட்டை போடு எண்டவர். நான் துளைச்சனான். இந்தக் கையால. உள்ளுக்கிருந்து வந்தது இரத்தம் மாதிரி இல்லை. எங்கட போட் எஞ்சினில பழைய ஒயில் மாத்துவினமே, அப்படியே அது. அது வடிய வடிய, கீழ மூளை மெல்ல எழும்பித் துடிக்கத் தொடங்கிச்சு. அடுத்தநாள் விடியப் போய்ப் பாக்கிறன், அந்த மனுசன் கட்டிலில எழும்பி இருக்கிறார். என்னைப் பாத்துக் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ? 'என்ர சைக்கிளை எவனடி கொண்டு போனவன்?'"

முதலில் சிரித்தது அப்பா. என் அப்பா இன்னாசித்தம்பிக்கு இடது காது செல் சத்தத்தில் போனது. வலது காது அம்மா கதைக்கும்போது மட்டும் போகும். அன்றைக்கு அது வேலை செய்தது.

"அவரின்ர மருமகன் கொண்டுபோனவன். அந்த வார்ட் முழுக்கக் கேக்கத் தூசணத்தால பேசினார். நேர்ஸ்மார் காதைப் பொத்தினவை. நான் அதிலயே நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். அதைப்போல ஒரு சந்தோசம் எனக்கு முந்தி ஒருநாளும் வரேல்ல. அதுக்காகத்தான் போறன். எனக்கு அந்த வேலையில விருப்பம்."

"விருப்பம் எண்டு ஒரு காரணமோ பிள்ளை?" ஃபாதர் மெய்யாகவே நொந்துபோய்க் கேட்டார். "ஒரு தியாகம், ஒரு சேவை..."

"நீங்கள் ஏன் ஃபாதர் குருவானவரானீங்கள்?"

"அது தேவ அழைத்தல்."

"ஆர் கூப்பிட்டதெண்டு உங்களிட்ட ஆரும் விசாரிச்சவையோ? இல்லையே. உங்களுக்கு வந்தால் அழைத்தல். எனக்கு வந்தால் திமிர்."

"அது சரிதானே சாமி" என்றார் பெரியப்பா மிக்ஸர் பக்கத்திலிருந்து. ஃபாதர் மெழுகுதிரியை மேசையில் வைத்துவிட்டார்.

"மாமா" என்று செல்வராசா மாமாவிடம் திரும்பினேன். "உங்கட கட்டடம் நல்ல கட்டடம். மூளைக்கு அது போதாது. அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேணும். தாய் சேய்க்கே விடுங்கோ. மருத்துவிச்சி மிஸ் ஒரு மரத்துக்குக் கீழ கதிரை போட்டுக் கிளினிக் நடத்துறா, அவவிட்டத் திறப்பைக் குடுங்கோ. நான் படிச்சு முடிக்க வருசக்கணக்காகும். முடிச்சால் இஞ்சை வருவனோ, எங்க வேலை தருவாங்களோ, எனக்குத் தெரியாது. தெரியாததை மாதாவிட்டச் சொல்ல மாட்டன். அவ பாவம், உங்கட எல்லாரின்ரயும் நேர்த்தியைக் கேட்டுக் களைச்சுப் போனா."

மாமா பொக்கற்றிலிருந்து திறப்பை எடுத்தார். "அந்த மருத்துவிச்சியைக் கூப்பிடுங்கோ" என்றார் ஃபாதரிடம். "பனர் மட்டும்..."

"பிள்ளையை வெட்டிப்போட்டு வைச்சிருங்கோ" என்றேன்.

தெருவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. வட்டுவாகல் பக்கத்திலிருந்து திரும்பும்போது அடிக்கிற நீண்ட ஹோர்ன். நான் மேடையிலிருந்து இறங்கி நேரே நடந்தேன். முன்வரிசையில் அம்மா எழுந்து வழியில் நின்றார். ஏச்சுத்தான் வரப்போகிறது என்று நானும் தயாரானேன். அம்மா என்னை விலக்கிக்கொண்டு மிக்ஸர் பக்கம் போனார். றொமேஸின் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "நொந்ததோடா?" என்று பெரியப்பா பிடித்த பிடியைப் பற்றி விசாரித்தார். அப்பா கதிரையில் இருந்தபடியே பக்கத்து ஆளிடம் கேட்டார்: "கடைசியா என்னவாம்?"

"மண்டையாம்."

"அப்ப சரி. பஸ்ஸை மறியுங்கோடா!"

ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்து பையை இழுத்தேன். வாசலைத் தாண்டும்போது அங்கே கட்டியிருந்த இன்னொரு பனர் காற்றில் அடித்து, அந்த நீலக்கண் குழந்தையின் முகம் என் முகத்தில் வந்து ஒட்டியது. "சனியன் பிடிச்ச பனர்" என்றேன் பல்லுக்குள்.

"சனியன் பிடிச்ச பனர்" என்றது மண்டபம், நான்கு மூலைகளிலும்.

நின்று கையைப் பார்த்தேன். வயரில்லாத மைக். இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆன் பண்ணியபடி. உள்ளே திரும்பிப் பார்த்தால், றொமேஸ் மிக்ஸரில் கையே வைக்காமல் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

"சாப்பாட்டுப் பார்சலை எடுத்தியோடி?" அம்மாவுக்கு மைக் தேவைப்படவில்லை.

"எடுத்திட்டன்" என்றேன். கடற்கரைவரை கேட்டிருக்கும்.

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கதவில் தொங்கியபடி என்னைப் பார்த்தார். கழுத்தில் மாலை, தோளில் பொன் சால்வை, ஒரு கையில் பை, பின்னால் ஒரு மண்டபம் நிறையச் சனம் வாசலுக்கு வந்து நிற்கிறது.

"என்ன தங்கச்சி, கலியாண வீட்டால ஓடி வாறியளோ?"

"இல்லை அண்ணை" என்றேன். "நியூரோசேர்ஜரிக்குப் போறன்."

அந்தச் சொல் மண்டபத்து ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் மோதி, கரையோர மீன்வாடிகளைத் தாண்டி, கடலில் போய் விழுந்தது. றொமேஸ் ஓடி வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். "போடி. சத்தம் நல்ல கிளியர்" என்றான்.

நான் படியில் கால் வைத்தேன். கொண்டக்டர் டிக்கற் மெசினை எடுத்து, நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அது எங்க கிடக்கு தங்கச்சி? கொழும்புக்கு இஞ்சாலயோ, அங்காலயோ?"